பூஜைக்கு ஓய்ந்த பெட்டிகள்

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் விடுமுறை. கல்லூரிப் பேருந்து, ஆய்வகத் தராசு, ஜெராக்ஸ் இயந்திரம், தோட்டத்து மண்வெட்டி, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவோம். மோட்டார் ஓடாது என்பதால் முதல் நாள் மாலையே தொட்டியை நிரப்பி வைப்பது வழக்கம். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து சுண்டல் வழங்கும்வரை யாரும் எதன் மீதும் கை வைக்கக் கூடாது. நூலகராக நானும் ஒரு புத்தக அடுக்கைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, அன்று ஒரு வரிகூடப் படிக்காமல் இருப்பேன். வருடத்தில் எனக்கு மிக நீளமான நாள் அதுதான்.

இந்த விடுமுறையில் பல வருடங்களாக அகப்படாமல் இருந்தவை நெட்வொர்க் ஸ்விட்சுகள் மட்டுமே. விளக்குப் போடும் ஸ்விட்சைச் சொல்லவில்லை. ஒரு கட்டிடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் தட்டையான இரும்புப் பெட்டிக்கும் அதே பெயர்தான். முன்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுடன் பேச வேண்டுமானால் இந்தப் பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும். எங்களிடம் அப்படி ஆறு பெட்டிகள் இருந்தன. மாடிப்படிக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தன.

இவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. கல்லூரிக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் நூலகத்துக்குத்தான் வந்தது. அதனால் வயர் சம்பந்தப்பட்டதெல்லாம் நூலகர் வேலை என்று அப்போது ஏற்பட்ட ஏற்பாடு, பின்னால் கம்ப்யூட்டர் துறை வந்தும் மாறவில்லை.

அந்த வருடம் புரட்டாசியில் பூஜைக்குத் தாளாளர் ஐயா குடும்பத்தோடு வந்திருந்தார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். இப்போது சென்னைவாசி. அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகும் சாலையில் அவருடைய தகப்பனார் வாங்கிப்போட்ட நிலத்தில்தான் கல்லூரி இருக்கிறது. தட்டில் விபூதியும் குங்குமமுமாக அவர் ஒவ்வோர் அறையாக வர, அலுவலக உதவியாளர் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போனார். வயதில் மூத்தவர் என்பதால் உதவியாளரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மாடிப்படி அருகே வந்ததும் ஐயா நின்றார். வலைக்கதவு போட்ட இரும்பு அலமாரிக்குள் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"இது மட்டும் என்னப்பா பாவம் பண்ணுச்சு? பூராம் தூங்குது, இது மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நிக்குது. இதுக்கும் ஒரு நாள் லீவு குடுங்கப்பா."

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து லீவே போடாத ஆளுங்கய்யா இது" என்றார் அண்ணன்.

"அப்பன்னா சம்பளத்தோட குடு."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மெயின் நெம்புகோலைக் கீழே இறக்கினார். விளக்குகள் ஒன்றாக அணைந்தன. அத்தனை வருடமாக அந்த மூலையில் ஒரு விசிறிச் சத்தம் இருந்திருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விஜயதசமி காலையில் நெம்புகோலை மேலே தூக்கினோம். ஆறில் மூன்று எழவில்லை. இரண்டு பெட்டிகளில் விளக்கே வரவில்லை. மூன்றாவதில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, மூச்சை இழுத்து விட்டதுபோல் அணைந்துவிட்டது. சூட்டிலேயே வருடக்கணக்காக ஓடிய மின்சாதனங்கள் ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி எழாமல் போவதுண்டு என்று அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். போனவை மூன்றும் எவை என்று பார்த்தேன். கட்டிடத்தின் இரு கோடிகளிலும் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர் லேப்களின் பெட்டிகள்; இரண்டும் அந்தந்தக் கோடி மாடிப்படிக்கு அடியில் இருந்தவை. நடுவில் நூலகத்தில் அவை இரண்டையும் இணைக்கும் பெட்டி.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு லேப்களிலும் வங்கி வேலைக்கான கணினித் தேர்வு நடக்கவிருந்தது. எங்கள் கல்லூரி தேர்வு மையமாவது அதுதான் முதல் தடவை. தேர்வை நடத்தும் ஏஜென்சியின் ஆள் அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே நேரத்தில் மாதிரித் தேர்வு ஓட்டிப் பார்ப்பார். நெட்வொர்க் நின்றால் மையம் ரத்து. இங்கே எழுத வேண்டியவர்களைத் திருச்சிக்கு மாற்றிவிடுவார்கள்.

மற்றவர்களுக்குத் திருச்சி ஒரு பஸ் பயணம். ஒருத்திக்கு அப்படி இல்லை.

அவள் எங்கள் பழைய மாணவி. படிப்பு முடித்தவர்களும் போட்டித் தேர்வுக்கு நூலகத்தில் வந்து படிக்கலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அதைத் தினமும் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் துபாயில். கைக்குழந்தை இருந்தது. அவள் ஜன்னலோர மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்; மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நூலக வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். குழந்தை சிணுங்கினால் பேனாவை மூடிக்கூட வைக்காமல் எழுந்து போவாள். புட்டிப்பாலைப் பிள்ளை வாயிலேயே வைக்கவில்லை. சங்கு, ஸ்பூன் எல்லாம் பார்த்தாயிற்று.

முந்தைய வருடத் தேர்வு திருச்சிக்கு வெளியே ஒரு கல்லூரியில். அப்போது மசக்கை. பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டே போனவள், பாதித் தேர்வில் எழுந்து வந்துவிட்டாள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மையம் வருகிறது என்று தெரிந்ததும் அதையே விருப்பமாகக் குறிப்பிட்டிருந்தாள்.

விஜயதசமியன்று பிள்ளைக்கு நாக்கில் தேன் தொட்டு எழுதக் கூட்டிவந்த மாதிரி அவளும் மாமியாரும் குழந்தையோடு வந்தார்கள். செத்த பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க மேடம், பெட்டி போயிருச்சாம்ல? அண்ணன் சொன்னாரு" என்றாள் அவள்.

"புதுசு வாங்கிடலாம்."

"வாங்கிருவீங்கல்ல?"

அந்த "ல்ல" எனக்கு அடுத்த ஒன்றரை மாதம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதிதாக எதை வாங்குவது? புத்தகம் வாங்குவதானால் நாலு பக்கம் புரட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். இங்கே விலைப்பட்டியலில் எல்லாப் பெட்டியும் ஒரே சாம்பல் நிறம், ஒரே முகம். விவரக் குறிப்புகளை அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டு, நாவல் வாசிப்பதுபோல் வாசித்தேன். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் எத்தனை டிகிரி சூடுவரை ஓடும் என்று போட்டிருந்தது. எங்கள் மாடிப்படிக்கு அடியில் எவ்வளவு சூடு என்று யாருக்கும் தெரியாது. வேதியியல் துறைக்குப் போய்த் தெர்மாமீட்டர் கேட்டேன்.

"யாருக்கு மேடம் காய்ச்சல்?" என்றார் ஆய்வக உதவியாளர்.

"மாடிப்படிக்கு."

மத்தியானம் அலமாரிக்குள் வைத்துப் பார்த்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தது. புரட்டாசியிலேயே இப்படி என்றால் சித்திரையில் எப்படி? வலைக்கதவை மூடி, திறந்து, மறுபடி மூடிப் பார்த்தேன். பாதரசம் இறங்கவில்லை.

அதற்குள் தாளாளர் ஐயா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவருடைய அக்காள் மகன் சென்னையில் ஓர் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். அங்கிருந்த பெரிய ஸ்விட்சுகளை அப்படியே அனுப்பிவிடலாம், விலையும் இல்லை. ஒன்று பார்சலில் வந்தது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. நூலக மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். உள்ளே இருந்த விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, நெல் அவிக்கும் ஆலையில் ஊதுலை போட்ட மாதிரி இரைந்தன. படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். வராந்தாவில் குழந்தை வீறிட்டது.

"யாத்தே, என்னத்த ஓட்டுறீங்க உள்ள?" என்று மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு!"

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் தாங்குவதற்காக வைத்திருந்த யூ.பி.எஸ். இந்தப் பெட்டி குடிக்கும் மின்சாரத்துக்குச் சீக்கிரமே கூவ ஆரம்பித்துவிட்டது. அது சென்னையில் ஏ.சி. அறையில் வாழ்ந்த பெட்டி. எங்கள் படிக்கட்டுச் சூட்டுக்கு ஆகாது. ஐயாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"காசில்லாம வர்றதையும் வேண்டாங்குற ஆளை இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை. "சரி. நீங்களே பாத்து வாங்குங்க. ஆனா பரீட்சையன்னைக்கு நின்னுச்சுன்னா என்னைக் கேக்க மாட்டாக, ஒங்களைத்தான் கேப்பாக."

திருச்சியில் எங்களுக்கு வழக்கமாகச் சாமான் அனுப்பும் கடைக்காரரிடம் பேசினேன். அவரிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று சாதாப் பெட்டி. மறுநாளே பஸ்ஸில் ஏற்றிவிடுவார். இன்னொன்று விசிறியே இல்லாதது. சத்தமில்லை, அதிகச் சூட்டைத் தாங்கும். அதோடு வயர்களில் ஏதாவது தப்பு நடந்தால் கண்டுபிடித்து அந்த வயர் வரும் வாசலை மட்டும் தானே சாத்திக்கொள்ளும். அது கைவசம் இல்லை. வெளியூரிலிருந்து வர வேண்டும். இடையில் தீபாவளி, லாரி ஆபீஸ்களெல்லாம் மூடிக்கிடக்கும்.

"மேடம், ஒங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? சாதாவைப் போடுங்க. சொருகுனா ஓடும்."

"லூப் விழுந்தா?"

"யாரு மேடம் லூப் போடப்போறா? ஒங்க காலேஜ்ல அவ்வளவு அறிவாளி யாரு இருக்கா?"

லூப் என்பது சின்ன விஷயம்தான். ஒரு வயரின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிடுவது. பெட்டி ஒரு முனையில் விடும் செய்தி மறு முனை வழியாக அதற்கே திரும்பி வரும். புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் சொல்லும். அதுவும் திரும்பி வரும். ஒரு தெருவில் கிளம்பிய வதந்தி சுற்றிக்கொண்டு முதலில் சொன்னவர் காதுக்கே வந்து, அவரும் புதிதாகக் கேட்டதுபோல் கிளப்பிவிட்டால் எப்படி இருக்கும்? கொஞ்ச நேரத்தில் வேறு யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. நெட்வொர்க் மொத்தமும் நின்றுவிடும்.

நாளைக்கே வருகிற பெட்டியா, தேர்வுக்கு முன் வந்து சேருமா என்றே தெரியாத பெட்டியா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்தில் அவள் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாதாப் பெட்டிக்கே சொல்லிவிடலாம் என்று தோன்றும். அண்ணன் மாடிப்படி அலமாரியில் துடைப்பத்தை வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது வேண்டாம் என்று தோன்றும். எங்கள் கல்லூரியில் எந்தப் பொருளிலும் எந்தக் கையும் படும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் மூன்றும் விசிறியில்லாததாகவே வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தேன்.

ஐப்பசி முழுக்க மழை. தீபாவளி வந்து போனது. பெட்டிகள் வரவில்லை. கடைக்காரர் போனை எடுத்தவுடனே, "கெளம்பிருச்சு மேடம்" என்பார். எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால் சிக்னல் சரியில்லை என்பார். தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. மையம் என்ற இடத்தில் எங்கள் கல்லூரியின் பெயர் இருந்தது. அவள் அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"காலையில பசியாத்திட்டு உள்ள போனா, முடிச்சுட்டு வர்றவரைக்கும் தாங்குவான் மேடம். அத்தையோட வந்து நாலு நாளா ஒத்திகை பாத்துட்டேன்" என்றாள்.

"கேட்டுக்கு வெளிய ஒக்காந்துருப்பேன். அழுதாலும் உள்ள கேக்காத தூரமா ஒக்காந்துக்குறேன்" என்றார் மாமியார். "அங்கிட்டு புங்கமரத்தடியில."

அவர்கள் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டார்கள். பெட்டி வராதது மட்டும்தான் பாக்கி. அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அண்ணன் வழியாக அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏஜென்சி ஆள் வருவதாக இருந்தது வெள்ளிக்கிழமை. பார்சல் புதன்கிழமை வந்தது. செவ்வாய் என்று அண்ணன் இன்றும் சாதிப்பார். அன்று அவர் விரதம் என்பதால் நினைவிருக்கிறதாம். என் டைரியில் புதன் என்றுதான் இருக்கிறது. மழை பெய்ததும் எழுதியிருக்கிறேன்.

மூன்று அட்டைப் பெட்டிகள். இரண்டைப் பிரித்தபோது கேட்டது இருந்தது. மூன்றாவது கொஞ்சம் இலேசாக இருந்ததே என்று பிரித்தால் சாதாப் பெட்டி.

"மூணாவது ஸ்டாக் இல்ல மேடம். பரீட்சை இருக்குன்னீங்களே, வெறுங்கையா விடக்கூடாதுன்னு அதைச் சேத்து அனுப்பிட்டேன்" என்றார் கடைக்காரர். உதவி செய்துவிட்ட குரல்.

இருந்த நேரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. நல்ல பெட்டிகள் இரண்டையும் லேப்களுக்குக் கொடுத்தேன். அங்கே மாணவர்கள், துப்புரவாளர்கள், ஏஜென்சி ஆட்கள் என்று பல கைகள் போகும். சாதாவை நடுவில் நூலகத்தில், என் மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டேன். கல்லூரியிலேயே யார் கையும் போகாத இடம் அதுதான். என்னைக் கேட்காமல் என் மேசையில் ஒரு பென்சிலைக்கூட யாரும் நகர்த்தமாட்டார்கள்.

அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி மேடம்?"

"வைங்கண்ணே. அந்தக் காத்துப் போற ஓட்டைகள மட்டும் அடைச்சுராதீங்க."

மூன்றுக்கும் நெற்றி எங்கே என்று தேடி, கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் வைத்தார். மின்சாரம் கொடுத்தோம். பச்சை விளக்குகள் வந்தன. விசிறியில்லாத இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சே விடலையே மேடம்?"

அதுதான் எனக்கும் கஷ்டமாக இருந்தது. பழையது இரைந்துகொண்டிருந்த காலத்தில் அது ஓடுகிறதா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. நானே தேடி வாங்கிய அமைதி இப்போது என்னை நிமிடத்துக்கொரு முறை எழுந்து போய் விளக்கைப் பார்க்க வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஏஜென்சி ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் கேள்விகளை அனுப்பும் சர்வரை முதல் லேபில் வைத்தார். இரண்டு லேப்களிலும் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் முன்னால் மாணவர்களை உட்கார வைத்து மாதிரித் தேர்வைத் தொடங்கினார். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகப் போனது. நான் முதல் லேபின் வாசலில் நின்று மூச்சை விட்டேன்.

அப்போது இரண்டாவது லேபிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். "மேடம், எல்லாமே நின்னுருச்சு!"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு திரையிலும் அதே கேள்வி. அதே நொடியில் நின்றுபோன கடிகாரம். ஆனால் முதல் லேபில் தேர்வு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏஜென்சி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் மத்தியானம் ரிப்போர்ட் அனுப்பணும் மேடம்."

இரண்டாவது லேபுக்கும் முதல் லேபுக்கும் நடுவில் இருப்பது நூலகம். ஓடினேன். என் மேசைக்கு அடியில் அந்தச் சாதாப் பெட்டியின் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில், திருவிழாச் சீரியல் பல்புபோல், நிற்காமல் துடித்தன. இதைப் பற்றி நான் படித்திருந்தேன். பார்ப்பது முதல் தடவை. மேசை என்றுமில்லாத பளபளப்பில் இருந்தது. புத்தகங்கள் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. பூச்சாடி வேறு. என் லேப்டாப்பில் செருகிக்கொள்வதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு வயரைத் தொங்கவிட்டிருந்தேன். அதைக் காணோம்.

"அண்ணே! இங்க தொங்கிக்கிட்டு இருந்த வயர் எங்க?"

"ஆபீசர் வர்றாருன்னு தொடச்சு வச்சேன் மேடம். அது பாட்டுக்குத் தரையில கெடந்துச்சு, பாக்கவே அசிங்கமா. சும்மா இருந்த ஓட்டையில சொருகி வச்சுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், அது அதோட ஓட்டை இல்லையா?" என்றார்.

பிடுங்கினேன். விளக்குகள் ஒருமுறை அணைந்து, பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாக மினுக்கத் தொடங்கின. இரண்டாவது லேபிலிருந்து "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று பையன்கள் கத்துவது கேட்டது.

முதல் லேபின் புதுப் பெட்டி, நூலகத்திலிருந்து வந்த கூச்சலைக் கேட்டதும் அந்தப் பக்கத்து வாசலைச் சாத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சர்வரும் அந்த லேபும் பிழைத்தன. ஒன்றரை மாதம் நான் கிடந்து தவித்ததற்குப் பாதிப் பலன் கிடைத்திருந்தது. மீதிப் பாதி யார் கையும் படாத இடத்தில் இருந்து கெட்டது.

ஏஜென்சி ஆளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்க போனாலும் யாராவது சுத்தம் பண்ணிடுறாங்க மேடம்." பிறகு, "மறுபடி ஒரு தடவை ஓட்டுவோம். ஆனா ஞாயித்துக்கிழமை இந்தப் பெட்டி நடுவுல இருக்கக் கூடாது."

பெட்டியை எடுத்துவிட்டால் இரண்டு லேப்களையும் எப்படி இணைப்பது? இரு பக்கத்திலிருந்தும் நூலகத்துக்கு வரும் வயர்களின் முனைகளை ஒன்றோடொன்று மாட்டிவிடும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. கட்டை விரல் அளவுதான். அவர் பையில் ஒன்று வைத்திருந்தார். ஆனால் இந்த வகை வயர் நூறு மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. எங்கள் வயர் இரண்டும் சேர்ந்து எவ்வளவு? சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் சுற்றிப் போகிறது. வயர் இழுத்தவர் யாரென்றே யாருக்கும் நினைவில்லை.

"ஓரத்துல இருக்கும்" என்றார் அவர். "ஓடும். ஓடணும்."

மாட்டினார். மாதிரித் தேர்வை மறுபடி ஓட்டினார். இரண்டு லேப்களும் கடைசிவரை நிற்காமல் போயின. மையத்துக்குச் சம்மதம் என்று ரிப்போர்ட் அனுப்பினார். நூலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இணைப்பற்றுப் போயின. நான் நூலகக் கதவைப் பூட்டி, சாவியை அண்ணனிடம் கொடுக்காமல் என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாக்கும்" என்றார் அண்ணன்.

"ஒங்க சுத்தத்து மேலதான் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல். தேர்வெழுத வந்தவர்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். அவள் காவலாளி அறைக்குள் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாக ஓடிவந்து வரிசையில் நின்றாள். தோடு, வளையல் எல்லாம் கழற்றி மாமியாரிடம் கொடுத்தாள். அவளை எந்த லேபுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது லேப். அந்தக் கட்டை விரல் துண்டுக்கு அந்தப் பக்கம்.

தேர்வு தொடங்கியதும் எனக்கு உள்ளே வேலை இல்லை. நூலகத்தைத் திறந்து போய், இரண்டு வயர்களும் சேரும் இடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அதில் விளக்கும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஓடுகிறதா என்று சொல்ல எதுவுமே இல்லை. கையில் ஒரு புத்தகம் இருந்தது. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன படித்தேன் என்று தெரியாது. யாராவது ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும்தான் கவனித்தேன். ஒருமுறை கேட்டது. அது அண்ணன், டீ கொண்டுவந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி டம்ளரைக் கொடுத்தார்.

"நான் உள்ள வரல மேடம்."

மணி அடித்தது. எழுதியவர்கள் வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமலேயே தாண்டி ஓடினாள். சேலை முந்தானையை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. புங்கமரத்தடியில் மாமியார் எழுந்து நின்று, அழுகிற பிள்ளையை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினார்.

காவலாளி அறையிலிருந்து அவள் வெளியே வரும்வரை காத்திருந்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் எழுதிருக்கேன் மேடம். நடுவுல ஒருவாட்டி நின்னுச்சு."

"என்ன நின்னுச்சு?"

"ஸ்கிரீனு. அப்படியே நின்னுச்சு. அமுக்குறேன், அமுக்குறேன், அடுத்த கேள்வி வரல."

"எல்லாருக்குமா?"

"பக்கத்துல யாரு மேடம் பாத்தா? நான் கண்ணை மூடிக்கிட்டேன். தெறந்தப்ப ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

யோசித்தாள். "பிள்ளை அழுகுற மாதிரி கேட்டுச்சு. அவ்வளவு நேரம்."

"நான் அழவே விடலையே அப்ப" என்றார் மாமியார். "கடைசியிலதான் அழுதான்."

வேறு யாரும் திரை நின்றதாகச் சொல்லவில்லை. ஏஜென்சி ஆளின் கணக்கிலும் எதுவும் பதிவாகவில்லை. அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் மக்கர் செய்ததா, நூறு மீட்டரைத் தாண்டியிருக்கக்கூடிய வயர் ஒரு கணம் தடுமாறியதா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது நல்ல பெட்டி பிறகு மார்கழியில் வந்து சேர்ந்தது. சாதாப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

முடிவு தை மாதம் வந்தது. அவள் தேறியிருந்தாள். அது முதல் கட்டத் தேர்வுதான். அடுத்து இரண்டாம் கட்டம். ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். மையம்: திருச்சி.

"இப்ப இட்லியைப் பிசைஞ்சு குடுத்தா திங்கிறான் மேடம். சமாளிச்சுக்குவேன்" என்றாள். "அத்தையும் வாராக."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே அவர்கள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். விடுமுறைதான் என்றாலும் நான் நூலகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். இங்கே மூன்று பெட்டிகளும் சத்தமில்லாமல், பச்சையாக, எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத்தான் எதுவும் ஓடவில்லை. திருச்சியில் நான் பார்த்தேயிராத அந்தக் கல்லூரியில், மாடிப்படிக்கு அடியில் என்ன பெட்டி வைத்திருக்கிறார்களோ, ஆபீசர் வருகிறார் என்று இன்று காலை அதைச் சுற்றி யார் சுத்தம் செய்தார்களோ என்று நினைத்துக்கொண்டே, மத்தியானம் போன் வரும்வரை அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சுச்சு மேடம்" என்றாள் போனில். பின்னால் பிள்ளை கத்திக்கொண்டிருந்தான். "ஒரு தடவகூட நிக்கல."